திருச்சியிலேயே ஏறலாமா, சென்னைக்குப் போகணுமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகளுக்குக் கார்த்திகையில் பிரசவம். நானும் வீட்டுக்காரரும் ஐப்பசிக் கடைசியில் போயாக வேண்டும். அகமதாபாத் விபத்தை டிவியில் பார்த்ததிலிருந்து இவர் விமானப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். மகன் திருச்சியிலிருந்து ஸ்கூட் விமானத்தில் டிக்கெட் போடுகிறேன் என்கிறான். என் தம்பியோ, "மலிவு விமானமெல்லாம் வேண்டாம், சென்னைக்குப் போய் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஏறுங்க" என்கிறான். கொழும்பு வழியாகப் போனால் காசு குறையும் என்று டிராவல்ஸில் சொல்கிறார்கள். எது பாதுகாப்பு? விமானம் ஏன்தான் விழுகிறது?

பதில்: அம்மா, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூர் போகும் விமானத்தில் போடச் சொல்லுங்கள். மகன் சொல்வது சரி.

உங்கள் வீட்டுக்காரருக்கு இது போதாது என்று தெரியும். 31 வருஷம் விமானப் பராமரிப்பு என்ஜினீயராக இருந்துவிட்டு கும்பகோணம் பக்கம் சொந்த ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். 2025 ஜூனிலிருந்து டீக்கடையில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

நம் பக்கம் ஆற்றில் உடைப்பு எடுத்தால் மறுநாள் கரையில் நின்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நண்டு வளை என்பார் ஒருவர். ஷட்டர் துருப்பிடித்து ஏறவில்லை என்பார் இன்னொருவர். ராத்திரிக் காவலுக்குப் போனவர் அசந்து தூங்கிவிட்டார், மேலே திறந்துவிட்ட தண்ணீர் சேதி நேரத்துக்கு வரவில்லை என்றெல்லாம் பேச்சு வரும். அத்தனையும் உண்மையாகவே இருக்கும். நண்டு வளை வருஷம் பூராவும் கரையில் இருக்கிறது, ஷட்டர் மூன்று வருஷமாகவே துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆனால் அந்த ஒரு ராத்திரி எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன, கரை போயிற்று. விமான விபத்தும் இப்படித்தான். ஒரே ஒரு காரணத்தால் விழுந்த விமானம் என்று என் அனுபவத்தில் விரல்விட்டு எண்ணித்தான் தேட வேண்டும்.

கோழிக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 7, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். நல்ல மழை. மலையை வெட்டி மேலே அமைத்த ஓடுபாதை, முடிகிற இடத்தில் பள்ளம். முதல் தடவை இறங்கப் பார்த்து, முடியாமல் மேலே எழும்பி, எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் காற்று முதுகில் தள்ளும். கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. 8,858 அடி ஓடுபாதையில் ஏறக்குறைய 4,400 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. பாதிப் பாதை வீண். மறுநாள் காலை இன்னொரு விமானத்தை ஓட்டும் முறை அந்தக் கேப்டனுக்கு இருந்தது. அங்கே மாற்றுக் கேப்டன்கள் போதவில்லை. வேறு ஊரில் இறங்கினால் அந்த மறுநாள் பயணம் கெட்டுப்போகும். உதவி விமானி "மேலே எழுப்புங்கள்" என்ற பொருளில் குரல் கொடுத்தார். கேப்டன் எழுப்பவில்லை. 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் அதில் சேர்த்தி.

மறுநாள் பேப்பரில் விமானியின் தவறு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். தவறுதான். ஆனால் மழை, காற்று, வைப்பர், ஆள் பற்றாக்குறை, பள்ளம் இவற்றில் ஏதாவது ஒன்று அன்றைக்கு இல்லாதிருந்தால் அந்த 190 பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். பத்து வருஷம் முந்தி, 2010 மே 22இல் மங்களூரில் 158 பேர் இறந்ததும் கிட்டத்தட்ட இதே கதை. அதுவும் மேட்டு ஓடுபாதை, அங்கேயும் தாமதமாகத் தரை தொட்டார்கள், அங்கேயும் உதவி விமானி எழுப்பச் சொன்னதைக் கேப்டன் கேட்கவில்லை. அந்தக் கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருக்கிறார். குரல் பதிவுக் கருவியில் குறட்டைச் சத்தமே இருந்தது. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்ததன் பின்னணியில் இந்தக் களைப்புப் பிரச்சினைதான் இருக்கிறது. அந்தப் புது விதிக்கு ஆள் போதாமல்தான் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. ரத்து என்றால் எரிச்சல்தான். ஆனால் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதைவிட ஓட்டாமலிருப்பது மேல்.

பெரியவர் சொல்வதைச் சின்னவர் மறுக்கத் தயங்குவது நம் வீடுகளில் மட்டும் நடப்பது இல்லை. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்தில் இன்றுவரை அதைவிடப் பெரிய விபத்து இல்லை. முன்னால் இன்னொரு விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று ஃப்ளைட் என்ஜினீயர் சந்தேகம் கேட்டார். அனுபவம் மிகுந்த கேப்டன் அதைத் தள்ளிவிட்டு ஓட்டத்தை நிறுத்தாமல் போனார். அதற்குப் பிறகுதான் உலகமெங்கும் விமானிகளுக்கு, சின்னவர் வாய் திறக்கவும் பெரியவர் காது கொடுக்கவும் தனிப் பயிற்சி வந்தது. 1996 நவம்பர் 12இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேல் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்த பிறகு, எதிரே வரும் விமானத்தைக் கண்டு எச்சரிக்கும் கருவி இந்திய வானில் கட்டாயமானது. ஒவ்வொரு உடைப்புக்கும் பிறகு அந்த இடத்தில் கரையை உயர்த்தியிருக்கிறார்கள். முக்கொம்பில் 2018 ஆகஸ்ட்டில் 9 மதகுகள் போன பிறகுதான் கொள்ளிடத்தில் புதுக் கதவணை வந்தது, இல்லையா, அப்படி.

அகமதாபாத் பற்றிச் சுருக்கமாக. 2025 ஜூன் 12, விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். தரையில் இருந்த 19 பேரும் இறந்தார்கள். கிளம்பிய சில விநாடிகளில் இரண்டு என்ஜினுக்கும் எரிபொருள் தரும் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்குப் போயின என்று முதற்கட்ட அறிக்கை சொன்னது. ஏன் போயின என்பதை அந்த அறிக்கை சொல்லவில்லை. வாட்ஸப்பில் சொல்லுகிற மாமாக்களிடம் மட்டும் அதற்கு விடை இருக்கிறது. அதையெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் பார்க்காமலிருந்தால் பாதி பயம் குறையும்.

இனி, எந்தக் கம்பெனி என்ற விஷயம்.

"உலகின் பாதுகாப்பான 20 விமான நிறுவனங்கள்" என்று பட்டியல்கள் வரும். நான் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அதற்குக் கணக்கு இருக்கிறது. 2024இல் உலகம் முழுவதும் சுமார் 4 கோடி விமானப் பயணங்கள். உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்துகள் 7. அதாவது 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்களுக்கு ஒன்று. ஒரு சின்னக் கம்பெனி நாளைக்குப் பத்து தடவை பறக்கிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 3,650. அந்த 50 லட்சத்தைத் தொடவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். அந்தக் கம்பெனி "இருபது வருஷமாக விபத்தே இல்லை" என்றால் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஒலியைவிட வேகமாகப் போகும் கான்கார்டு விமானம் 24 வருஷம் ஒரு பயணி உயிரையும் இழக்காமல் பறந்தது. 2000 ஜூலை 25இல் பாரீஸில் ஒன்றே ஒன்று விழுந்தது. மொத்தப் பயணங்களே குறைவு என்பதால் அந்த ஒரே நாளில் அது கணக்குப்படி மிக மோசமான விமானங்களில் ஒன்றாகிவிட்டது. முதல் நாள் வரை அது பாதுகாப்பாக இருந்தது, மறுநாள் ஆபத்தாகிவிட்டது என்றா சொல்வீர்கள்?

உங்கள் தம்பி சொல்லும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அருமையான கம்பெனி. ஆனாலும் 2000 அக்டோபர் 31இல் தைபேயில் புயல் மழையில், வேலை நடந்துகொண்டிருந்த தவறான ஓடுபாதையில் ஏறி 83 பேரை இழந்தது. அதன் பிள்ளைதான் ஸ்கூட். 2012இல் பறக்கத் தொடங்கியது, இதுவரை ஓர் உயிரும் போகவில்லை. இண்டிகோவிலும் 2006இலிருந்து விபத்தில் பயணி யாரும் இறந்ததில்லை, அதுவும் நாளைக்கு 2,000 தடவைக்கு மேல் பறக்கிற கம்பெனி. அவ்வளவு பறந்து சேதமில்லை என்றால் அந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் மங்களூரும் கோழிக்கோடும் இருக்கின்றன, மறைக்க முடியாது. எனக்கு அதில் ஏறத் தயக்கமில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் மற்ற இரண்டில் ஒன்றைப் போடுங்கள்.

மலிவு என்பது எதில்? சாப்பாடு, பெட்டி எடை, கால் நீட்டும் இடம், சீட் தேர்வு. பராமரிப்பில் கை வைக்க முடியாது. என்ஜினீயர் கையெழுத்துப் போடாமல் விமானம் கிளம்பாது, அந்தக் கையெழுத்துக்கு அவர் சிறைக்குக்கூடப் போக நேரலாம். என் மேலதிகாரி கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற இரவுகள் உண்டு. நான் போடாத நாட்களும் உண்டு. பழைய விமானம் ஆபத்து என்பதும் சும்மா. 2018இல் இந்தோனேசியாவிலும் 2019இல் எத்தியோப்பியாவிலும் விழுந்து மொத்தம் 346 உயிர் போன இரண்டு போயிங் மேக்ஸ் விமானங்களுமே வாங்கிச் சில மாதங்கள்தான் ஆனவை. கோளாறு வடிவமைப்பில் இருந்தது.

ஒரு கம்பெனியை எடை போட நான் பார்ப்பது வேறு. அந்த நாட்டு விமானத் துறை எவ்வளவு கண்டிப்பு. உலக விமானக் கம்பெனிகளின் கூட்டமைப்பான ஐயாட்டா சங்கத்தின் தணிக்கையில் தேறியிருக்கிறதா. ஐரோப்பாவுக்குள் பறக்கத் தடை உள்ள பட்டியலில் இருக்கிறதா. அடிபட்ட பிறகு திருந்தியதா. கொரியன் ஏர் 1997இல் குவாமில் 200க்கு மேற்பட்டவர்களை இழந்தது, 1999இல் லண்டன் அருகே ஒரு சரக்கு விமானத்தையும் இழந்தது. வெளியாட்களைக் கூட்டிவந்து பயிற்சியைத் தலைகீழாக மாற்றினார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை பயணி உயிர் எதுவும் போகவில்லை. இன்னொன்று, பெயரை நம்பாதீர்கள். ஒரே சிவப்பு நிறம், ஒரே எழுத்து இருந்தாலும் மலேசிய ஏர் ஏஷியா வேறு, இந்தோனேசிய ஏர் ஏஷியா வேறு. உரிமம் வேறு, கண்காணிக்கும் அரசும் வேறு. 2014 டிசம்பரில் 162 பேருடன் கடலில் விழுந்தது இந்தோனேசியக் கம்பெனியின் விமானம். டிக்கெட்டில் விமானத்தை இயக்குவது யார் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

கொழும்பு வழி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இலங்கை விமானம் காரணம் இல்லை. விபத்துகளில் பெரும்பாலானவை ஏறும்போதும் இறங்கும்போதும்தான். வழியில் மாறினால் அந்த இரண்டும் இரட்டிப்பு. அதைவிடப் பெரிய காரணம், வழியில் இறங்கி நடந்து மறுபடி ஏற வேண்டிய உங்கள் முழங்கால்.

சென்னை ஏன் வேண்டாம்? இதைத்தான் உங்கள் தம்பி யோசிக்கவில்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளைக்குச் சுமார் 460. உங்கள் ஊரிலிருந்து சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். திருச்சி அதில் மூன்றில் ஒரு பங்கு. வழியனுப்பப் பதினோரு பேர் ஒரு வேனில், பகல் முழுக்கக் கல்யாண வண்டி ஓட்டிவிட்டு ராத்திரி உங்களை ஏற்றிக்கொள்ளும் டிரைவர், ஐப்பசி மழை, எதிரே விளக்கில்லாமல் வரும் நெல் லாரி. உடைப்புக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. நீங்கள் போகப்போகும் பயணத்தில் நான் உண்மையாகவே பயப்படுவது இந்த வேனுக்குத்தான். திருச்சி விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புகின்றன. சாயங்காலமே புறப்பட்டு, வெளிச்சத்தில் தஞ்சாவூரைத் தாண்டிவிடுங்கள். புது முனையத்தில் உட்கார இடம் தாராளம். டிரைவர் அன்றைக்குப் பகலில் தூங்கினாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

"திருச்சியிலும்தான் நடந்திருக்கிறதே" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். ஆமாம். 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய்க்குக் கிளம்பிய விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு எழும்பியது. கேப்டனின் சீட் சாய்மானம் ஓட்டத்தின் நடுவே பின்னால் சரிந்து, என்ஜின் விசை தெரியாமல் குறைந்துபோனதுதான் காரணம். 136 பேரும் மும்பையில் பத்திரமாக இறங்கினார்கள். 2024 அக்டோபர் 11இல் ஷார்ஜா விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம், பிரேக் போன்றவற்றை இயக்கும் எண்ணெய் அழுத்தத்தில் பழுது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடித்ததை டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைத்துக்கொண்டு இறங்குவதற்காகத்தான் அந்த வட்டம். ஒருவருக்கும் கீறல் இல்லை.

ஏறிய பிறகு: சீட் பெல்ட்டைத் தூங்கும்போதும் போட்டிருங்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் காற்றுக் குலுக்கலில் சிக்கியபோது ஒருவர் இறந்தார், பலர் தூக்கியடிக்கப்பட்டுக் காயப்பட்டார்கள். அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத்தில் பிழைத்தவர் உட்கார்ந்திருந்த 11ஏ சீட்டைத் தேடி அலையாதீர்கள். அந்த விமானத்தில் அது கதவுக்குப் பக்கம், வேறு ரக விமானத்தில் அந்த எண் வேறு எங்கோ இருக்கும். இறங்கச் சொன்னால் பையை விட்டுவிட்டு இறங்குங்கள். 2024 ஜனவரி 2இல் டோக்கியோவில் எரிந்த ஜப்பான் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வந்தது அப்படித்தான். இறங்கும் சமயம் தரையைத் தொடப்போன விமானம் திடீரென்று மறுபடி எழும்பினால் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்: கோழிக்கோட்டில் செய்யாததை இந்த விமானி செய்கிறார்.

பவர் பேங்க் பெட்டியில் போகக்கூடாது, கைப்பையில் வையுங்கள். கொப்பரைத் தேங்காயும் கூடாது. எண்ணெய்ப்பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் சரக்கு அது. மருமகளுக்குப் பிரசவ மருந்துச் சாமான் எடுத்துப் போகும் ஆர்வத்தில் அதையும் உள்ளே திணித்துவிடாதீர்கள், திருச்சியில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.