முதலில் கால், கடைசியில்தான் கை: ரோயிங் மெஷின் கேள்வி பதில்

அடையாற்றில் துடுப்பு வலித்துப் பழகியவன் நான். கடந்த 14 ஆண்டுகளாக உடற்பயிற்சிக் கூடத்தில் ரோயிங் மெஷினில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன். தண்டவாளத்தில் ஓடும் இருக்கையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் தள்ளி, சங்கிலியில் கட்டிய கைப்பிடியை இழுத்து, முன்னால் உள்ள காற்றாடிச் சக்கரத்தைச் சுழற்றும் இயந்திரம் அது. எடை தூக்கும் பக்கத்தில் எப்போதும் கூட்டம் இருக்கும். மூலையில் இருக்கும் இந்த இயந்திரத்தில் ஏறுகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். எப்படி வலிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தராததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். முன்னால் போய்ப் பின்னால் வரும் ஒரு முழுச் சுற்றை 'இழுப்பு' என்றும், 500 மீட்டருக்கு ஆகும் நேரம் என்று திரையில் தெரிவதை 'ஐந்நூறு நேரம்' என்றும் எழுதுகிறேன்.

கேள்வி (திருநெல்வேலி): அண்ணா, ஆறு மாதமாகத் தினமும் 20 நிமிடம் செய்கிறேன். நிமிடத்துக்கு 34 இழுப்பு வருகிறது. ஐந்நூறு நேரம் 2:24-ஐ விட்டு நகரவே இல்லை. மூச்சு முட்டுவதுதான் மிச்சம். எங்கே தவறு?

பதில்: தம்பி, உங்கள் எண்களிலேயே பதில் இருக்கிறது. 2:24 என்றால் ஏறத்தாழ 117 வாட். அதை 60 விநாடியால் பெருக்கி 34 இழுப்புக்குப் பங்கிட்டால் ஓர் இழுப்புக்கு 206 ஜூல் ஆற்றல்தான் தேறுகிறது. உங்கள் மூச்சில் பெரும்பங்கு உடம்பைத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓட்டுவதற்கே செலவாகிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான்.

நாளையிலிருந்து நிமிடத்துக்கு 22 இழுப்புக்கு மேல் போகாதீர்கள். நிமிடத்துக்கு 20 என்றால் ஓர் இழுப்புக்கு மூன்று விநாடி கிடைக்கிறது. ஒரு விநாடி காலால் தள்ளுவதற்கு, இரண்டு விநாடி நிதானமாகத் திரும்பி வருவதற்கு. நீங்கள் போகும்போதும் வரும்போதும் ஒரே அவசரத்தில் இருக்கிறீர்கள் என்பது என் ஊகம்.

இன்னொரு வேலை. கைபேசியை இருக்கையின் உயரத்தில் பக்கவாட்டில் வைத்து ஒரு நிமிடம் படம் எடுங்கள். இருக்கை எப்போது புறப்படுகிறது, கைப்பிடி எப்போது புறப்படுகிறது என்பதை மட்டும் பாருங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் கிளம்ப வேண்டும். இருக்கை ஒரு சாண் பின்னால் போன பிறகுதான் கைப்பிடி அசைகிறது என்றால், அந்த ஒரு சாண் தூரத்துக்கும் உங்கள் தொடையின் பலம் வீணாகிறது. பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): நான் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கால், முதுகு, கை எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். எது முதலில் என்று குழப்பமாக இருக்கிறது.

பதில்: தேர் வடம் பிடிப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். யாரும் கையை மடக்கி மடக்கி இழுப்பதில்லை. கை நீண்டிருக்கும், உடல் சாய்ந்திருக்கும், கால் தரையை உதைக்கும். கை வெறும் கொக்கி. இங்கேயும் அதே கணக்குதான்.

முன்னால் வந்து நிற்கும்போது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஏறத்தாழ நேர்க்குத்தாக இருக்க வேண்டும். கை நீண்டு, தோள் தளர்ந்து, உடல் இடுப்பிலிருந்து சற்றே முன்னால் சாய்ந்திருக்கட்டும். கைப்பிடியை விரல்களால் கொளுவினால் போதும். அங்கிருந்து பாதப்பலகையைக் காலால் தள்ளுங்கள். கால் ஏறத்தாழ நீளும்வரை முதுகின் சாய்வு மாறக் கூடாது. பிறகு உடல் இடுப்பிலிருந்து பின்னால் சாய்கிறது, கடிகார முள் 11-ஐக் காட்டும் அளவுக்குத்தான். கடைசியாகக் கை மடங்கிக் கைப்பிடி விலாவின் அடிப்பகுதிக்கு வருகிறது.

திரும்பும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கை நீள்கிறது, உடல் முன்னால் சாய்கிறது, கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகுதான் முழங்கால் மடங்குகிறது. முழங்கால் அவசரப்பட்டு முன்னதாகவே எழுந்துவிட்டால், கைப்பிடி அதன்மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கும். சங்கிலியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். சரியாக வலிப்பவரின் சங்கிலி நீர்மட்டம் பிடித்ததுபோல நேர்கோட்டில் போய் வரும். மற்றவர்களுடையது மேடு ஏறி இறங்கும்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் இரண்டு நிமிடம் காலை நீட்டிக் கையால் மட்டும் வலியுங்கள். அடுத்து உடலையும் சேருங்கள். பிறகு கால் பாதி, கடைசியாகக் கால் முழுவதும். தினமும் உடம்பைச் சூடேற்றும் நேரத்தில் இதைச் செய்துவிட்டால் வரிசை தானாகவே படிந்துவிடும்.

கேள்வி (மதுரை): எங்கள் கூடத்தில் எல்லாரும் டேம்பரை 10-இல் வைத்துத்தான் இழுக்கிறார்கள். பலம் கூட அதுதானே வழி?

பதில்: இல்லை. டேம்பர் எடைக்கல் அல்ல. காற்றாடிச் சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சிறு கதவு அது. கதவு முழுதாகத் திறந்தால் உள்ளே காற்று நிறையும், இரண்டு இழுப்புகளுக்கு நடுவே சக்கரம் சட்டென்று சோர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் நின்றுபோன மாட்டுவண்டியைத் தள்ளிக் கிளப்புவது போன்ற பாரம் இடுப்பில் இறங்கும்.

கான்செப்ட்-டூ நிறுவனத்தின் இயந்திரத் திரை, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சோர்கிறது என்பதை ஒவ்வோர் இழுப்பிலும் அளந்து, அதை வைத்துத்தான் உங்கள் வாட் கணக்கைப் போடுகிறது. அதனால் 4-இல் வைத்து வலித்தாலும் உங்கள் உழைப்பு குறைத்து மதிப்பிடப்படாது. டேம்பர் எண்ணைவிட, சக்கரம் சோரும் வேகத்தைக் காட்டும் டிராக் ஃபாக்டர் என்ற எண்ணைத் திரையின் மெனுவில் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 110 முதல் 130 வரை சரியாக இருக்கும். சக்கரத்தின் வலைக்கூட்டில் தூசி படிந்திருந்தால் காற்று நுழையாது. அதனால் ஓர் இயந்திரத்தில் 5-இல் கிடைக்கும் கனம், பக்கத்து இயந்திரத்தில் 7-இல்தான் கிடைக்கும்.

கேள்வி (சென்னை, வயது 41): 15 நிமிடம் ஆனாலே அடிமுதுகு பிடித்துக்கொள்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதில் தைரியம் காட்ட வேண்டாம். துடுப்பு வலிப்பவர்களை அதிகம் பாதிப்பது அடிமுதுகுதான்.

பிடிப்பு மட்டும்தான் என்றால், பெரும்பாலும் குனிகிற இடம் தவறாக இருக்கும். என்னிடம் வந்த ஒரு வங்கி ஊழியருக்கும் இதே தொல்லை இருந்தது. அவருக்குப் பின்னால் மண்டியிட்டு, இடுப்பெலும்பின் மேல் என் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து, மெதுவாக முன்னால் போகச் சொன்னேன். கட்டைவிரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர் முதுகின் நடுப்பகுதி மட்டும் சட்டைக்குள்ளே வில்லாக வளைந்தது. இடுப்பு பூட்டிக்கிடந்தது, அது செய்ய வேண்டிய வேலையை முதுகு செய்துகொண்டிருந்தது. அன்று அவரை வலிக்கவே விடவில்லை. முழங்காலைச் சற்று மடக்கி உட்கார்ந்து, தொப்புளைத் தொடையை நோக்கிக் கொண்டுபோவது ஒன்றைத்தான் செய்யச் சொன்னேன். ஏழெட்டு முறைக்குப் பிறகு என் கட்டைவிரல்கள் அவரோடு சேர்ந்து முன்னால் உருண்டன. "இதுவா?" என்று திரும்பிப் பார்த்தார். அதுதான். மூன்று வாரத்தில் அவர் 30 நிமிடம் வலியில்லாமல் வலித்தார்.

முன்னால் எட்டிப் பிடிக்கும் பேராசையும் வேண்டாம். குதிகால் தரையில் பதியக் குந்தி உட்கார முடிகிறவர்களுக்குக் கணுக்கால் நன்றாக மடங்கும், முன்னால் வருவது எளிது. நாற்காலியிலேயே காலம் கழித்தவர்கள் இரண்டு அங்குலம் முன்னதாகவே நின்றுவிடலாம், குற்றமில்லை. வரும் இரண்டு வாரத்துக்கு டேம்பர் 3, நேரம் 10 நிமிடம்.

கேள்வி (சேலம்): திரையில் ஒரு வளைவு வருகிறதே, அது எதற்கு?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. இழுப்பின் தொடக்கம் முதல் முடிவு வரை நீங்கள் கொடுத்த விசையை அது படமாக வரைகிறது. வைக்கோல்போரைப் போல ஒரே மேடாக, சீராக ஏறி உருண்டு இறங்கினால் கால், உடல், கை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று தொடர்கின்றன என்று பொருள். ஒட்டக முதுகுபோல இரண்டு மேடு வந்தால், கால் முடிந்து உடல் தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி விழுகிறது. தொடக்கத்தில் தட்டையாகக் கிடந்து பிறகு எழுந்தால், முதல் கேள்வியில் சொன்ன இருக்கைக் கோளாறுதான். காதாலும் கண்டுபிடிக்கலாம். நல்ல இழுப்பில் காற்றின் ஓசை ஒரே மூச்சாக ஏறும், வெட்டி வெட்டி வராது.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணா, நான் ஐந்தடி உயரம், 49 கிலோ. உயரமான ஆண்களின் எண்களைப் பார்த்தாலே சோர்வாக இருக்கிறது. என்னால் முன்னேற முடியுமா?

பதில்: தங்கச்சி, அந்த ஒப்பீடே நியாயமற்றது. இயந்திரத்தில் உங்கள் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. தண்ணீரில் பெரிய உடலைப் படகும் சேர்த்துச் சுமக்க வேண்டும், இங்கே அந்தச் சுமை கிடையாது. எனவே உயரமும் எடையும் உள்ளவர்களுக்கு இயந்திரம் சலுகை காட்டுகிறது. இதற்காகவே உள்ளரங்கப் போட்டிகளில் எடை குறைந்தவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது: பெண்களுக்கு 61.5 கிலோ, ஆண்களுக்கு 75 கிலோ வரை.

உங்கள் வாட்டை உங்கள் எடையால் வகுத்து, அந்த எண்ணை மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். கால் வார், பாதத்தின் அகன்ற பகுதியின் குறுக்கே வரும்படி பாதத்தாங்கியைச் சரிசெய்யுங்கள். சிறிய பாதம் உள்ளவர்கள் இதைக் கவனிக்காமல் பலத்தை இழக்கிறார்கள்.

கேள்வி (திருச்சி): 2:30-இலிருந்து 2:00-க்கு வர ஆசை. 30 விநாடிதானே, மூன்று மாதம் போதுமா?

பதில்: போதாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு கடுமையாக ஏறும். தேவைப்படும் வாட், வேகத்தின் மும்மடிக் கணக்கில் (வேகம் × வேகம் × வேகம்) கூடுகிறது. 2:30-க்கு 104 வாட் போதும், 2:00-க்கு 203 வாட் வேண்டும். ஏறத்தாழ இரட்டிப்பு. 2018-இல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2000 மீட்டரை 5:35.8-இல் முடித்தார். அவருடைய சராசரி ஐந்நூறு நேரம் 1:24-க்குச் சற்றுக் கீழே, அதாவது 590 வாட்டுக்கு மேல், ஐந்தரை நிமிடம் தொடர்ந்து. இந்த மும்மடிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அந்த எண் மலைப்பாகத்தான் இருக்கும். நீங்கள் முதலில் 2:20-ஐக் குறிவையுங்கள், 128 வாட்.

கேள்வி (ஈரோடு): வீட்டில் இருப்பது காற்றுக்குப் பதில் காந்தத்தால் எதிர்ப்பு தரும் இயந்திரம். கூடத்து எண்ணோடு ஒத்துப்போகவில்லை.

பதில்: ஒத்துப்போகாது. ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கணக்கிடுகிறது. வீட்டு எண்ணை வீட்டு எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பலத்தைக் கூட்ட வாரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: வாரத்தில் நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் 30 முதல் 40 நிமிடம், நிமிடத்துக்கு 18 முதல் 20 இழுப்பு, பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியம் பேசும் மூச்சோடு. பலருக்கு இது அலுப்பாக இருக்கும், ஆனால் அடித்தளம் இங்கேதான் விழுகிறது. மூன்றாவது நாள் அதே 20 இழுப்பில், ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் பத்து இழுப்பு மட்டும் முழுப் பலத்தோடு. இழுப்பின் எண்ணிக்கை கூடக் கூடாது, ஐந்நூறு நேரம் மட்டும் இறங்க வேண்டும். நான்காவது நாள் 500 மீட்டர் வீதம் ஆறு முறை, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. முதலாவதும் ஆறாவதும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முதல் சுற்றில் பாய்ந்து கடைசியில் தவழ்பவர்கள் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே பலத்தை இழக்கிறார்கள். இவற்றோடு வாரம் இரண்டு முறை ஸ்குவாட்டும் (குந்தி எழுவது) டெட்லிஃப்டும் (தரையிலிருந்து எடை தூக்குவது) செய்தால் கால் பலம் வேகமாக ஏறும்.

வாரத்தில் ஒரு நாள் கால் வாரை அவிழ்த்துவிட்டு 10 நிமிடம் வலித்துப் பாருங்கள். பின்னால் அதிகமாகச் சாய்ந்தாலோ, கடைசியில் உடலை வாரால் இழுத்து நிறுத்தினாலோ, பாதம் பலகையை விட்டு எழுந்துவிடும். இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் இல்லை.

கேள்வி (கும்பகோணம்): சங்கிலி கரகரவென்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். தாவர எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலிக்கான கனிம எண்ணெயைத் துணியில் நனைத்து, 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை துடையுங்கள். இருக்கை ஓடும் தண்டவாளத்தைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி (திருநெல்வேலி, மீண்டும்): அண்ணா, படம் எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான், இருக்கை முன்னதாகவே ஓடுகிறது. பத்து நாளாக 22 இழுப்பில் செய்கிறேன், இப்போது இரண்டும் சேர்ந்து புறப்படுகின்றன. ஆனால் ஐந்நூறு நேரம் 2:26 ஆகிவிட்டது. முன்பைவிட மோசமாகிவிட்டேனே?

பதில்: மோசமா? தம்பி, எனக்கு இன்று கிடைத்த நல்ல செய்தியே இதுதான். 2:26 என்றால் 112 வாட்டுக்குச் சற்று மேல். அதை முன்புபோல 60-ஆல் பெருக்கி 22-ஆல் பங்கிடுங்கள், ஓர் இழுப்புக்கு 307 ஜூல். பத்து நாளுக்கு முன்னால் 206-ஆக இருந்தது. ஒவ்வோர் இழுப்பிலும் முன்பு கொடுத்ததைப்போல ஒன்றரை மடங்கு இப்போது கொடுக்கிறீர்கள், அதுவும் மூச்சு முட்டாமல்.

இன்னும் ஒரு வாரம் 22-லேயே இருங்கள். அடுத்த திங்கட்கிழமை 24-க்குப் போங்கள். இந்த 307 ஜூலைச் சிந்தாமல் காப்பாற்றினால் திரையில் 2:22 தெரியும். அன்று எழுதுங்கள்.