கல்ச்சரில் கிருமி வந்தாலே மருந்து வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 32 வயது. பைக் விபத்தில் முதுகுத் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தினம் மூன்று வேளை அவனே டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கிறான். மாதாமாதம் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பார்க்கிறோம். காய்ச்சல் இல்லாதபோதும் ‘ஈ.கோலை’ என்ற குடல் பாக்டீரியா இருப்பதாகவே வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக். இதற்கு முடிவே கிடையாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த மாதாந்திர கல்ச்சரை விட்டுவிடுங்கள். டியூப் போடுகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் கிருமி இருந்துகொண்டேதான் இருக்கும். தொந்தரவு தராத கிருமிக்கு மருந்து கொடுத்தால் சில வாரங்களில் திரும்பி வரும், அதுவும் அந்த மருந்துக்கு அடங்காததாக. ரிப்போர்ட்டில் சீழ் செல்கள் இருப்பதும் மருந்து கொடுக்கத் தனியாக ஒரு காரணம் ஆகாது. டியூப் உரசலே போதும் அதற்கு. சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யும் முன் மட்டும் கணக்கு வேறு.

உணர்வில்லாதவருக்கு நீர்க்கடுப்பு தெரியாது. குளிர்காய்ச்சல், கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுப்பது, டியூப் போடும் நேரங்களுக்கு நடுவே புதிதாக ஒழுகுவது, காரணமில்லாத அசதி: இவைதான் மருந்து தேவைப்படும் தொற்றுக்கு அடையாளம். கலங்கலும் வாடையும் மட்டும் என்றால் தண்ணீரைக் கூட்டி ஒரு நாள் பாருங்கள். (நெஞ்சு உயரத்திலோ கழுத்திலோ அடிபட்டவர்களுக்குத் திடீர் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, பி.பி. எகிறுவது வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீரை வெளியேற்றி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது கிருமி அல்ல, ‘மூன்று வேளை’தான். ஒரு நாளைக்கு 1,800 மி.லி. சிறுநீர் பிரிந்தால் ஒரு வேளைக்கு 600 தேங்கும். 400, மிஞ்சினால் 500-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிறுநீர்ப்பையின் சுவர் விரிந்து ரத்த ஓட்டம் குறையும். கிருமி ஒட்டிக்கொள்ள அது வசதி. அளவுக் குவளையில் பிடித்து மூன்று நாள் எழுதிவையுங்கள். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிவரும். ஓட்டம் நின்றதும் டியூப்பைச் சட்டென்று உருவிவிடுகிறார்கள். மெல்ல இழுத்து, மறுபடி வடிந்தால் அங்கேயே நிறுத்தி முழுவதும் வடியவிட வேண்டும். அடியில் தங்கும் மிச்சத்தில்தான் கிருமி பெருகும்.

காய்ச்சலோ மேலே சொன்ன மற்ற அடையாளங்களோ வந்தால் மட்டும் கல்ச்சர். மாத்திரையின் முதல் டோஸுக்கு முன்பே, புது டியூப் வழியாக எடுத்த சிறுநீரில். சிறுநீர் சேகரிக்கும் பிளாஸ்டிக் பையில் தேங்கியதைக் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் ‘புரோட்டியஸ்’ (கல் உருவாக்கக்கூடிய ஒரு கிருமி) என்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்திலோ சிறுநீர்ப்பையிலோ கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கல் உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் நிலைக்காது.