வாசகர் கேள்வி பதில்: பெரிய கம்பெனிகளும் நம் சந்தேகங்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தொழில்நுட்ப கம்பெனிகளைப் பற்றித்தான். மற்றவை அடுத்த இதழுக்கு.

கேள்வி: அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதில் ஆப்பிள் யோக்கியம், கூகுள் மோசம் என்கிறான் என் நண்பன். சரியா?

பாதி சரி. ஆப்பிளுக்கு முக்கிய வருமானம் கருவி விற்பதில், கூகுளுக்கு விளம்பரத்தில். ஆகவே உங்களைப் பற்றித் துருவித் தெரிந்துகொள்ளும் அவசியம் கூகுளுக்குத்தான் அதிகம். 2021இல் ஐபோன் செயலிகள் நம்மைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் அனுமதி கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் விதி போட்டது, நிறையப் பேர் வேண்டாம் என்று தட்டிவிட்டார்கள், அதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்புக்குச் சொந்தக்காரரான மெட்டாவே சொல்ல வேண்டி வந்தது. பாராட்டுவோம். ஆனால் அதே ஐபோனின் சஃபாரி உலாவியில் எதைத் தேடினாலும், நீங்கள் மாற்றாத வரை, அது நேராகக் கூகுளுக்குத்தான் போகிறது. அந்த இடத்துக்காகக் கூகுள் ஆப்பிளுக்கு 2022இல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்திருக்கிறது, அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளியே வந்த கணக்கு இது. தேடுபொறியை மாற்ற அரை நிமிடம் போதும். மாற்ற மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும், இவ்வளவு பணமும் அந்தச் சோம்பலுக்குத்தான். இப்போது இந்தத் தொகையை யோக்கியர் கணக்கில் எழுதுவதா, மோசக்காரர் கணக்கில் எழுதுவதா என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.

கேள்வி: செருப்பு வாங்குவது பற்றி வீட்டில் பேசினோம். மறுநாளே விளம்பரம் வருகிறது. போன் ஒட்டுக்கேட்கிறதுதானே?

இப்படி நடக்காதவர்களே இல்லை. ஆனாலும் மைக்கை எந்நேரமும் திறந்து வைத்துக் கேட்டுத்தான் விளம்பரம் காட்டுகிறார்கள் என்பதை நான் நம்பவில்லை. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். திருட்டுத்தனமாக ஒலியைப் பதிவு செய்து அனுப்பும் செயலி ஒன்றுகூட அகப்படவில்லை. (திரையில் நாம் செய்வதைப் படம்பிடித்து வெளியே அனுப்பியவை அகப்பட்டன. அதைப் பற்றி ஒருவரும் எனக்குக் கேள்வி அனுப்புவதில்லை!)

அப்புறம் எப்படி? பேச்சு எழுந்தபோதோ அதற்கு முன்போ வீட்டில் யாராவது ஒருவர் செருப்பைத் தேடியிருப்பார். ஒரே வைஃபையில் ஓடும் போன்களெல்லாம் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று கணிப்பது விளம்பர கம்பெனிகளுக்குப் பெரிய வேலையில்லை. பல கடைகளின் இணையதளங்களில் மெட்டாவின் சின்ன நிரல் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும், நீங்கள் பேஸ்புக்கைத் திறக்காமலே எந்தப் பொருளைப் பார்த்தீர்கள் என்ற தகவல் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். பேஸ்புக் அமைப்புகளுக்குள் போனால், வெளி இணையதளங்களும் செயலிகளும் உங்களைப் பற்றி அனுப்பிய தகவல்களின் பட்டியலே இருக்கிறது, ஒரு தடவை பாருங்கள், தூக்கிவாரிப்போடும். இன்னொன்று நம் மனசு. பொருந்தாத விளம்பரங்கள் எத்தனையோ கண்ணில் பட்டு மறந்துபோயிருக்கும், பேசியதோடு பொருந்திய ஒன்று மட்டும் நிற்கும். ஒட்டுக்கேட்காமலே இவ்வளவு துல்லியமாக ஊகிக்க முடிகிறதே, எனக்குக் கலக்கம் அதில்தான்.

கேள்வி: புது மாடல் வந்ததும் பழைய போன் மெதுவாகிவிடுகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?

செய்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டதே, 2017 டிசம்பரில். காரணம் கேட்டால் நியாயம்தான்: தேய்ந்த பேட்டரியால் திடீர் மின்தேவையைத் தாங்க முடியாமல் போன் அணைந்துவிடும், அதைத் தவிர்க்க வேகத்தைக் குறைத்தார்கள். தப்பு எங்கே என்றால், நம்மிடம் சொல்லாமலே செய்ததில். பேட்டரி மாற்றினால் சரியாகிவிடும் என்று தெரியாமல் எத்தனை பேர் புது போன் வாங்கியிருப்பார்கள்? சர்ச்சைக்குப் பிறகு பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 ஆனது. நல்ல நிலையில் இருக்கும் போனைக்கூடப் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுத்தியே ஓய்வுக்கு அனுப்பிவிடலாம். ஆகவே வாங்கும்போது கேமராவைப் பார்ப்பதற்கு முன் எத்தனை வருடம் புதுப்பிப்பு வரும் என்று பாருங்கள், சில மாடல்களுக்கு இப்போது 7 வருடம் வாக்குக் கொடுக்கிறார்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய மின்னூல் என் சொத்துதானே?

பெரும்பாலும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாசகர்கள் வாங்கி வைத்திருந்த நூல்களும் சேர்ந்து காணாமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நூலில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்கு மேலும் 25 டாலர். குறிப்புக்கு விலை வைத்தது யார் மூளையோ!

கேள்வி: தொழில்நுட்ப முதலாளிகள் அரசியலில் தலையிடலாமா?

கருத்து சொல்வது யாருக்கும் உரிமை. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர் பதவியேற்பில் டெஸ்லாவின் மஸ்க், அமேசானின் பெஸோஸ், மெட்டாவின் ஸக்கர்பர்க், கூகுளின் பிச்சை நால்வரும் முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்களே, அந்த நேரத்தில் கூகுள், மெட்டா, அமேசான் மூன்றின் மீதும் அதே அரசின் ஏகபோக வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

கேள்வி: இவற்றையெல்லாம் துண்டு துண்டாக உடைத்தால் என்ன?

சொல்வது சுலபம். பேஸ்புக் 2012இல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்கியபோது அமெரிக்க வணிக ஆணையம் தடுக்கவில்லை. 2014இல் வாட்ஸ்அப் 1,900 கோடிக்குப் போனது, அப்போதும் தடுக்கவில்லை. 2020இல்தான் விழித்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். 2025 நவம்பரில் தோற்றார்கள், டிக்டாக் போன்ற போட்டியாளர்கள் இருக்கும்போது மெட்டாவை ஏகபோகம் என்று சொல்ல முடியாது என்றார் நீதிபதி. கூகுளை சட்டவிரோத ஏகபோகம் என்று 2024இல் தீர்ப்பளித்த நீதிபதி அமித் மேத்தாவும், அடுத்த வருடம் அதன் குரோம் உலாவியை விற்கச் சொல்ல மறுத்துவிட்டார். சேர்ந்து வளர்ந்த பிறகு பிரிப்பது கஷ்டம், வாங்கும்போதே மறிக்க வேண்டும். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள் கம்பெனியை 2,000 கோடி டாலருக்கு வாங்கவிருந்த அடோபி (போட்டோஷாப் கம்பெனி), பிரிட்டனும் ஐரோப்பாவும் குறுக்கே நின்றதால் 2023இல் கைவிட்டது. ஃபிக்மா இன்றும் தனியாகத்தான் இருக்கிறது.

கேள்வி: வெறுத்துப் போய் எல்லாக் கணக்கையும் மூடிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அவசரப்படாதீர்கள். முதலில் கூகுளின் டேக்அவுட் வசதியில் உங்கள் படங்களையும் அஞ்சல்களையும் இறக்கி வேறொரு வட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலை மாற்றுவது அலைச்சல்தான், ஆனால் முடியும், ஏனென்றால் ஜிமெயிலிலிருந்து எந்த கம்பெனி முகவரிக்கும் அஞ்சல் போகும். வாட்ஸ்அப்பில் அந்தச் சுதந்திரம் இல்லை, நீங்கள் கிளம்பினாலும் உங்கள் சொந்தபந்தம் அங்கேயே இருக்கும். மற்ற செயலிகளோடு பேச வாட்ஸ்அப் கதவைத் திறக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருப்பது இதற்காகத்தான். அது எல்லா நாட்டுக்கும் வரும்வரை வாட்ஸ்அப்பை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக மூடுங்கள்.