நீலப் புகை வந்ததும் இன்ஜினை இறக்கணுமா?

கேள்வி: என்னுடைய 2009 ஸ்விஃப்ட் டீசல் 2.6 லட்சம் கி.மீ. ஓடிவிட்டது. நீலப் புகை விடுகிறது, ஆயிலும் குறைகிறது. மெக்கானிக் ரிங் போச்சு என்கிறார். இன்ஜின் வேலைக்கு 1.1 லட்சம், ஸ்கிராப்பிலிருந்து ரன்னிங் இன்ஜின் (ஓடும் நிலையில் கழற்றிய பழைய இன்ஜின்) மாற்ற 70 ஆயிரம் கேட்கிறார். எது நல்லது?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். அது ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) வழியாகத்தான் போகிறது என்று புகையைப் பார்த்து மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் உங்கள் வண்டியில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) இருக்கிறது, அதன் சீல் தேய்ந்தாலும் இதே புகை, இதே ஆயில் குறைச்சல்தான். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே லேசான ஆயில் பிசுக்கு இருந்தால் பரவாயில்லை, தேங்கி நின்றால் டர்போ மேல்தான் சந்தேகம். டர்போ வேலை இன்ஜின் வேலையைவிட ரொம்பக் குறைவில் முடியும்.

அடுத்து, நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொன்றும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் வந்தாலோ, ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை புஸ்ஸென்று அடித்தாலோ உங்கள் மெக்கானிக் சொன்னது பெரும்பாலும் சரி. டெஸ்டே வேண்டாம், பார்த்தாலே தெரியுது என்றால் வேறு கராஜுக்குப் போங்கள்.

சரி, ரிங்தான் போயிருக்கிறது என்றால்? முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். துரு தின்றிருந்தால் செலவே செய்யாமல் விற்றுவிடுங்கள். பாடி நன்றாக இருந்தால் என் ஓட்டு உங்கள் இன்ஜினையே சரிசெய்வதற்குத்தான். ரன்னிங் இன்ஜின் எத்தனை லட்சம் ஓடியது, எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு விற்பவர் வாய்ச்சொல்தான் சாட்சி. 40 ஆயிரம் மிச்சம் என்று நினைத்து அடுத்த வருஷம் அதையும் இறக்க நேரலாம். அதைவிடப் பெரிய தொல்லை இன்ஜின் நம்பர். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி, மாற்றிய எண்ணை ஆர்சியில் ஏற்ற வேண்டும். அதை விட்டுவிட்டால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் மாட்டும், விற்கும்போது மாட்டும், அந்த இன்ஜின் திருட்டு வண்டியுடையது என்றால் போலீஸ் ஸ்டேஷன் வரை இழுக்கும். உங்கள் வண்டி 15 வருஷம் தாண்டியது, 2029-ல் மறுபடி ஆர்சி புதுப்பிக்கப் போகும்போதும் நம்பரைப் பார்ப்பார்கள். பழைய பிளாக்கையே (நம்பர் பொறித்த இன்ஜின் உடல்) வைத்து வேலை செய்தால் நம்பர் மாறாது, இந்த அலைச்சலும் இல்லை.

வேலைக்கு விடும்போது எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். லேத்தில் சிலிண்டரை அளந்த பிறகுதான் போர் பண்ணி (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, ரிங் மட்டும் போதுமா என்று தெரியும், அதனால் தொகை கொஞ்சம் ஏறும், மனதில் வையுங்கள். இன்ஜின் கீழே இருக்கும்போதே டைமிங் செயின், வாட்டர் பம்ப், கிளட்ச் எல்லாம் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதே லேபரை மறுபடி கொடுக்க வேண்டிவரும். ஜே.சி. ரோட்டில் நீங்களே பாகம் வாங்குவதானால் பில் இல்லாமல் வாங்காதீர்கள், டூப்ளிகேட் பேரிங் ஒன்று போதும் மொத்த வேலையும் வீணாகிவிடும். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், வேலை முடிந்ததும் நேராக ஓசூர் ரோட்டில் 120-ல் விரட்டாதீர்கள். முதல் ஆயிரம் கி.மீ. வேகத்தை ஏற்றி இறக்கி நிதானமாக ஓட்டி, அதன்பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.