பூல் டோர்னமென்ட்டில் அமெச்சூர், புரொபஷனல் என்று எங்கே கோடு போடுவது?

உங்கள் கேள்வியின் சுருக்கம்: கும்பகோணத்தில் இரண்டு டேபிள் உள்ள பார்லர். பொங்கலை ஒட்டி எயிட் பால் (தன் பந்துகளை எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் 8-ஆம் எண் பந்தைப் போடும் பூல் ஆட்டம்) டோர்னமென்ட் நடத்தப் போகிறீர்கள். 24 பேர், தலைக்கு 300 ரூபாய் நுழைவுக் கட்டணம். போன தடவை திருச்சியிலிருந்து வந்த ஒருவர் எல்லோரையும் வரிசையாக அடித்துவிட்டுப் பரிசை வாங்கிக்கொண்டு போய்விட்டார், உள்ளூர்ப் பையன்கள் மனசு விட்டுப் போனார்கள். வேண்டுமென்றே மோசமாக ஆடித் தரத்தை மறைப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்கிறீர்கள். இந்த முறை போஸ்டரில் "அமெச்சூர் மட்டும்" என்று போட்டால் போதுமா?

போதாது. அந்தத் திருச்சிக்காரரும் பெரும்பாலும் அமெச்சூராகத்தான் இருப்பார். பூல் ஆடியே குடும்பம் நடத்துகிறவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. காசை வைத்துக் கோடு போட்டால் விபரீதமாக முடியும். உங்கள் பார்லர் மார்க்கர் சம்பளத்துக்குப் பந்து அடுக்குகிறார், புதுப் பையன்களுக்கு க்யூ (பந்தை அடிக்கும் கோல்) பிடிக்கச் சொல்லித் தருகிறார். ஆட்டத்தில் காசு பார்ப்பதால் அவர் புரொபஷனல் ஆகிவிடுவார். ரைஸ் மில்காரர் மகன் தினமும் ஐந்து மணி நேரம் டேபிளில் நின்றாலும் ஒரு ரூபாய் சம்பாதிக்காததால் அமெச்சூர். இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். நம் நாட்டு பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் வீரர் பங்கஜ் அத்வானி 2003-இல் வென்ற ஐபிஎஸ்எஃப் (சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பு) உலக ஸ்னூக்கர் பட்டம் அமெச்சூர்களுக்கானது. 2012-இல் தொழில்முறை ஸ்னூக்கர் சுற்றில் சேர்ந்தார், 2014-இல் அதை விட்டு வந்தார், 2015-இலும் 2017-இலும் மறுபடி அந்த அமெச்சூர் உலகப் பட்டத்தையே வென்றார். நடுவில் அவர் கை ஒன்றும் மாறிவிடவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது. அவருக்கு வேலை கொடுத்தது ஓஎன்ஜிசி, நம் காரைக்காலில் அலுவலகம் வைத்திருக்கும் அதே நிறுவனம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவரை எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்விக்குக் காசுக் கோட்டில் பதில் கிடையாது. டென்னிஸ் இந்தத் தலைவலி வேண்டாமென்று 1968-இலேயே பெரிய போட்டிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

ஸ்னூக்கரிலாவது டூர் கார்டு என்று தொழில்முறைச் சுற்றில் ஆடும் அனுமதி ஒன்று உண்டு. பொதுவாக இரண்டு வருடத்துக்குத் தருவார்கள், கையில் இருந்தால் புரொபஷனல். பூலில் அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒற்றை வாசல் இல்லை. அதனால் உள்ளூர் டோர்னமென்ட்டில் "யார் புரொபஷனல்" என்ற விவாதத்தையே விட்டுவிடுங்கள். யாரோடு யாரை மோதவிட்டால் ஆட்டம் ஆட்டமாக இருக்கும் என்பதை அளந்து பார்க்கலாம், அளந்த இடத்தில் கோடு போடலாம்.

அளக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபார்கோ ரேட்டிங்கின் அடிப்படைக் கணக்கு எளிது: இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் இரண்டு கேம் எடுக்கும்போது கீழே இருப்பவர் ஒன்று எடுப்பார். 200 புள்ளி என்றால் நாலுக்கு ஒன்று. 50 புள்ளி என்றால் கிட்டத்தட்ட ஏழுக்கு ஐந்து. அதில் ஒருவருடைய ரேட்டிங் நிலைபெற்றதாகச் சொல்ல 200 கேமாவது பதிவாகியிருக்க வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. எப்படியும் டேபிள் நேரம் எழுத ஒரு நோட்டு வைத்திருப்பீர்கள், தோற்றவர்தானே டேபிள் காசு கொடுப்பார். அதே நோட்டில் யார் யாரோடு ஆடினார், எத்தனைக்கு எத்தனை என்று இன்னும் இரண்டு பத்தி போட்டு, டோர்னமென்ட்டுக்கு முந்தைய இரண்டு மாதம் எழுதச் சொல்லுங்கள். ஒரு ஜோடிக்கு 30 கேமாவது சேரட்டும். 30-இல் 20 எடுத்தவர் இன்னொரு 30-இல் 17-ம் எடுக்கலாம், 23-ம் எடுக்கலாம், அந்த ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கும். பத்து கேமை வைத்து ஒருவரைத் தரம் பிரிப்பது அநியாயம்.

விகிதம் தெரிந்துவிட்டால் பலம் குறைந்தவருக்குக் கொடுக்கும் சலுகையும் கணக்காகவே வந்துவிடும். நிகழ்தகவு போட்டுப் பார்த்தால் ஏழு கேம் மாட்ச்சுக்கு, அதாவது முதலில் ஏழு கேம் எடுப்பவர் ஜெயிக்கும் மாட்ச்சுக்கு, இப்படி வருகிறது. நூற்றுக்கு 59 கேம் எடுப்பவர் ஏழு எடுக்க வேண்டும், எதிராளிக்கு ஐந்து போதும். மூன்றில் இரண்டு எடுப்பவருக்கு 7-4. ஐந்தில் நான்கு எடுப்பவருக்கு 7-2. முதலாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய சரிபாதி, நடுவில் உள்ளது வல்லவர் பக்கம் 56-க்கு 44 சாயும். 7-3 என்று இறக்கினால் அவருடைய வாய்ப்பு 38 ஆகிவிடும், அதனால் 7-4-லேயே நில்லுங்கள். 7-2-க்கும் கீழே சலுகை கொடுக்க வேண்டியிருந்தால் அந்த இருவரும் ஒரே பிரிவில் இருக்கக் கூடாது. என்னைக் கேட்டால் உண்மையான கோடு அங்கேதான் விழுகிறது.

மாட்ச் நீளமும் கோட்டை நகர்த்தும். சலுகை இல்லாமல், மூன்றில் இரண்டு கேம் எடுக்கும் ஆள் மூன்று கேம் மாட்ச்சில் நூற்றுக்கு 79 தடவை ஜெயிப்பார், ஏழு கேம் மாட்ச்சில் 90 தடவை. நேரம் பற்றவில்லை என்று மாட்ச்சைச் சுருக்கும் பார்லர்களில் அதிர்ஷ்டம் கூடும். அங்கே சாம்பியன் ஆனவரை அடுத்த முறை மேல் பிரிவுக்குத் தூக்கும்போது அதையும் யோசிக்க வேண்டும்.

நோட்டில் பெயரே இல்லாத வெளியூர்க்காரருக்கு கோஸ்ட் ஆட்டம் வையுங்கள். தப்பே செய்யாத ஒரு கற்பனை எதிராளியோடு ஆடுவது அது. 1 முதல் 9 வரை பந்துகளை அடுக்கி, அவற்றைக் கலைக்கும் முதல் அடியான பிரேக் அடிக்க வேண்டும். பிரேக்கில் விழுந்தவை விழுந்தவையே, வெள்ளைப் பந்து உள்ளே போனாலும் தண்டனை இல்லை. பிறகு வெள்ளையைக் கையில் எடுத்து விருப்பமான இடத்தில் வைத்து, எண் வரிசைப்படி எல்லாவற்றையும் போட வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த கேம் கோஸ்ட்டுக்கு. டோர்னமென்ட் எயிட் பால் என்றாலும் சோதனையில் எண் வரிசை இருக்கட்டும். எந்தப் பந்தையும் போடலாம் என்றால் வெள்ளை எங்கே நின்றாலும் ஏதோ ஒன்று கிடைத்துவிடும், பொசிஷன் ஆடத் தெரியுமா, அதாவது அடுத்த பந்துக்கு வசதியாக வெள்ளையை நிறுத்தத் தெரியுமா என்பது வெளியே வராது.

ஒன்பதில் தொடங்க வேண்டாம். மூன்று பந்தைக் கையால் பரப்பிவிட்டு, வெள்ளையையும் கையில் கொடுத்து, பத்து கேம் ஆடச் சொல்லுங்கள். ஏழு எடுத்தால் ஐந்து பந்து, அதிலும் ஏழு எடுத்தால் ஏழு பந்து, பிறகு பிரேக்கோடு ஒன்பது. மூன்றிலேயே திணறுபவர் புதியவர். ஐந்தைத் தாண்டினால் நல்ல பார்லர் ஆட்டக்காரர். ஏழைத் தாண்டினால் மேல் பிரிவு. ஒன்பது அடி டேபிளில் முழு ஒன்பது பந்தையும் பாதிக்கு மேல் எடுக்கிறவரை எந்தச் சான்றிதழும் கேட்காமல் ஓப்பன் என்ற அந்த மேல் பிரிவில் போடுங்கள். இந்த வரம்புகள் என் தீர்ப்பு, உங்கள் டேபிளுக்கு ஏற்ப ஒரு படி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

கோஸ்ட்டுக்கு ஒரு குறை உண்டு, எதிராளிக்கு வழி கிடைக்காதபடி வெள்ளையை நிறுத்தும் சேஃப்டி ஆட்டத்தை அது அளக்காது. ஸ்னூக்கரிலிருந்து வருகிறவர்கள் இதில் ஒளிந்துகொள்வார்கள். 52.5 மில்லிமீட்டர் பந்தையும் பன்னிரண்டு அடி டேபிளையும் பழகிய கை, 57 மில்லிமீட்டர் பூல் பந்தில் பொசிஷன் வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் தடுமாறும். அதே ஆள் வெள்ளையைத் தன் பந்துக்குப் பின்னால் ஒளிப்பதில் மன்னன். அதனால் பதிவுப் படிவத்தில் ஸ்னூக்கரில் அதிகபட்ச பிரேக் (அங்கே ஒரே முறையில் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகள்) எவ்வளவு என்று ஒரு வரி சேருங்கள். மாட்ச்சில் 50 அடித்தவர் நேராக ஓப்பன். மாநிலப் போட்டி ஆடியவர், காசு வாங்கிச் சொல்லித் தருகிறவர், ஸ்பான்சர் உள்ளவர் ஆகிய மூன்றையும் அங்கேயே கேளுங்கள். பதில் ஆம் என்றால் உடனே தள்ளிவிட வேண்டாம், கட்டாயம் அளக்க வேண்டியவர் என்று குறித்துக்கொள்ளுங்கள். மார்க்கரையும் இந்த வரிசையில் வையுங்கள். சொந்த க்யூ வைத்திருப்பதை மட்டும் ஒரு அடையாளமாக எடுக்காதீர்கள்.

அளப்பதற்கு முன்னால் டேபிளைப் பாருங்கள். மூலைப் பாக்கெட்டின் வாயில் இரண்டு பந்தை ஒட்டி வையுங்கள். இரண்டும் சேர்ந்து நாலரை அங்குலம். உலகப் போட்டி விதிப்படி மூலை வாய் நாலரை முதல் 4 5/8 அங்குலம் வரைதான், அதாவது இரண்டு பந்தும் உரசுவதுபோல் உள்ளே போக வேண்டும். இரண்டு பந்தும் வைத்த பிறகு பக்கத்தில் ஒரு விரல் நுழைந்தால் அது வாய் அகன்ற டேபிள். அங்கே குஷனை (டேபிள் ஓரத்து ரப்பர்) ஒட்டித் தப்பாக அடித்த பந்தும் விழும், எல்லோருடைய மதிப்பெண்ணும் ஊதிப்போகும். இரண்டு டேபிளில் ஒன்று ஏழு அடி, ஒன்று ஒன்பது அடி என்றால் சோதனை முழுவதையும் ஒன்பதிலேயே வையுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி ஈரத்தை இழுத்துக்கொண்டு பந்து சோர்ந்து ஓடும், குஷனில் திரும்பும் கோணமும் மாறும். தை மாதம் அறுவடை நேரத்தில் கதவு திறந்திருந்தால் தூசி வந்து துணியில் உட்காரும். மழை நாளில் ஒருவரையும் வெயில் நாளில் இன்னொருவரையும் சோதித்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒரே வாரம், ஒரே டேபிள், தினமும் துணியைத் துலக்கி, பந்துகளைத் துடைத்து, பிறகு சோதனை.

வேண்டுமென்றே விட்டு ஆடிக் கீழ்ப் பிரிவில் நுழைபவர்களைக் கண்டுபிடிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பந்து விழுகிறதா என்று பார்க்காதீர்கள், வெள்ளை நிற்கும் இடத்தைப் பாருங்கள். புதியவர் தவறவிட்டால் வெள்ளை நடு டேபிளில் திறந்து நிற்கும், எதிராளிக்கு விருந்து. நடிக்கிறவர் தவறவிட்டாலும் வெள்ளை ஏதோ ஒரு பந்தின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும், அவருடைய பந்து பாக்கெட் வாயில் உட்கார்ந்து எதிராளியின் வழியை அடைக்கும். ஒரு தடவை நடந்தால் தற்செயல், மாட்ச் முழுக்க நடந்தால் கை பழகியிருக்கிறது. இன்னொரு அடையாளம், பிரேக்குக்குப் பிறகு முதல் பந்தைத் தொடும் முன்பே 8-க்கு முந்தைய கடைசிப் பந்து எது என்று அவர் முடிவு செய்திருப்பார். ஒட்டிக் கிடக்கும் பந்துகளை ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே பிரிப்பார். பார்லர் ஆட்டக்காரர் சுலபமான பந்துகளை எல்லாம் போட்டுத் தீர்த்துவிட்டு, கடைசியில் ஒட்டிக் கிடக்கும் இரண்டைப் பார்த்து முழிப்பார்.

இதைத் தடுக்கப் பரிசுதான் நல்ல பூட்டு. 24 பேரிடம் 7,200 ரூபாய் சேரும். கீழ்ப் பிரிவில் பெரிய ரொக்கம் வைத்தால் ஆட்களை நீங்களே கீழே இழுக்கிறீர்கள். 24 பேருக்கு மூன்று பிரிவு அதிகம், ஓப்பனில் 8 பேர், மற்ற 16 பேர் சலுகையோடு ஒரே நாக் அவுட், இது போதும். ரொக்கத்தில் பெரும்பகுதி ஓப்பனுக்குப் போகட்டும், கீழே ஜெயிப்பவருக்குக் கோப்பையும் இலவச டேபிள் மணி நேரமும் கொடுங்கள். அவருக்கு வேண்டியதும் டேபிள் நேரம்தான். கீழ்ப் பிரிவில் ஜெயித்தவர் அடுத்த ஒரு வருடம் ஓப்பனில் ஆட வேண்டும் என்று போஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். அமெரிக்க ஏபிஏ லீக்கில் எயிட் பாலுக்கு 2 முதல் 7 வரை தரம் உண்டு, ஒரு மாட்ச்சில் ஆடும் ஐந்து பேரின் கூட்டல் 23-ஐத் தாண்டக் கூடாது. புதியவரும் வல்லவரும் ஒரே அணியில் உட்காரும்படி செய்த நல்ல ஏற்பாடு. டீம் போட்டி வைக்கும் எண்ணம் இருந்தால் அதைப் பாருங்கள்.

நேரக் கணக்கு: கீழ்ப் பிரிவில் 15 மாட்ச், ஓப்பனில் 7. ஒரு மாட்ச்சுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்று வைத்தால் இரண்டு டேபிளுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் இருபது மணி நேரத்தை ஒட்டி வரும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையிலேயே தொடங்க வேண்டும்.

விதிகளை முதல் நாளே சுவரில் ஒட்டுங்கள். ஃபவுலுக்கு (விதி மீறலுக்கு) எதிராளிக்கு இரண்டு ஷாட்டா, வெள்ளை கையிலா என்பதில் ஊருக்கு ஊர் பழக்கம் வேறு. வெள்ளை கையில் என்பது உலக விதி, வல்லவருக்கு அது கூடுதல் பலம், சலுகைக் கணக்கையே மாற்றும். அதனால் நோட்டில் எழுதிய இரண்டு மாதமும் அதே விதியில் ஆடியிருக்க வேண்டும். ஒருவருடைய தரத்தை எதிர்த்து ஆட்சேபனை சொல்ல விரும்பினால், அந்த மாட்ச்சின் மூன்றாவது கேம் தொடங்கும் முன் சொல்ல வேண்டும். தோற்ற பிறகு வரும் ஆட்சேபனையை ஏற்க வேண்டாம். விசாரிக்கும்போது நோட்டைத் திறந்து இருவருக்கும் காட்டுங்கள்.