மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த மாமியாரோ, "மரம் பார்க்கக் காசு வேறயா?" என்கிறார். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது?
– வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: அவர் பார்த்தது ரப்பரும் செம்பனையும்தானே அம்மா, இது சதுப்புநிலக் காடு! 1987-இல் தொடங்கிய பூங்கா. சேற்றில் துள்ளும் மீனைக் கண்டால் பிள்ளைகள் நகர மாட்டார்கள். சரி, மாமியார்? எலியைப் பிடிக்கச் செம்பனைத் தோட்டத்தில் பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பார்களே, அந்தப் பேச்சை எடுத்துவிடுங்கள், அப்புறம் பிள்ளைகளுக்கு அவர்தான் வாத்தியார். கொசு மருந்து முக்கியம். இருட்டியதும் கம்போங் குவாந்தானில் படகேறி, பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் ஒன்றாக மினுங்குவதையும் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.