பத்தாயிரம் அடி நடக்கும் கண்டக்டர்

கேள்வி: அன்புள்ள டாக்டர், என் அப்பாவுக்கு 66 வயது. கும்பகோணத்தில் 31 வருடம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடம் முன்பு அம்மா தவறிவிட்டார். அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் சென்னையில் எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். 11வது மாடி. சாப்பாட்டில் எண்ணெய் பேருக்குத்தான். காலையில் ஓட்ஸ், ராத்திரி இரண்டு சப்பாத்தி. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டிருக்கிறேன். மொட்டை மாடியில் தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறார். இருந்தும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7.1-லிருந்து 8.4 ஆகிவிட்டது. பிரஷரும் கூடியிருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். பேப்பர்கூடப் படிப்பதில்லை. கேட்டால் "எனக்கென்னம்மா குறை" என்கிறார். இப்போது ஊருக்கே போய்விடுகிறேன் என்கிறார். அங்கே போனால் டீக்கடை, வடை, கூட்டாளிகள் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்வார். இன்னும் என்ன உடற்பயிற்சி சேர்க்கலாம்?
– பெயர் வேண்டாம், மேடவாக்கம்.

பதில்: உடற்பயிற்சி எதையும் சேர்க்க வேண்டாம், சகோதரி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எண்ணெய்க் கணக்கு இருக்கிறது, சப்பாத்திக் கணக்கு இருக்கிறது, அடிக்கணக்கு இருக்கிறது. அப்பா பகல் முழுக்க யாரிடம் பேசுகிறார் என்று ஒரு வரி இல்லை. கூட்டாளிகள் ஒரே ஓர் இடத்தில் வருகிறார்கள், அதுவும் வடைக்குப் பக்கத்தில், கெட்ட பழக்கம் மாதிரி.

முதலில் ஓர் அவசர வேலை. மூன்று மணி விழிப்பு, பேப்பர் மேல் ஆர்வம் போனது, எதைக் கேட்டாலும் அந்த ஒற்றைப் பதில். இதெல்லாம் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பெரியவர்கள் அழுதால்தான் நமக்கு வருத்தம் புரிகிறது. மனைவியை இழந்த ஆண்கள் பலர் அழுவதே இல்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். தைராய்டும் பி12 சத்தும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. "இருந்து என்ன ஆகப்போகிறது" என்கிற மாதிரி ஏதாவது பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். மனசு சோர்ந்தவர்கள் மாத்திரையை மறப்பார்கள், சிலர் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். சர்க்கரை ஏறியதற்குக் காரணம் அதுவாகவேகூட இருக்கலாம். ஆனால் அவர் எதிரில் வைத்து எண்ணாதீர்கள். 31 வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர்களைப் பார்த்த மனிதர்.

இனி அந்தப் பத்தாயிரம். இது மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த வருடம் அங்கே ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும், அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். விற்பதற்காக வைத்த அந்தப் பெயர்தான் இன்று உங்கள் அப்பாவின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்து வந்த ஆய்வில், தினமும் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே மரண விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே அப்பா குறைத்து நடந்தால் குற்றமில்லை. ஒரே மூச்சில் மொட்டை மாடியில் சுற்றுவதைவிட மூன்று வேளையும் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை கட்டுப்படும். வாரம் இரண்டு நாள் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். தொடைத் தசைதான் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு. உடற்பயிற்சி பற்றி என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

கண்டக்டர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு லண்டன் ஞாபகம் வந்தது. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதே உங்கள் அப்பாவின் தொழிலிலிருந்துதான். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் எழுதினார். ஒரே பஸ், ஒரே சாலை, கிட்டத்தட்ட ஒரே குடும்பச் சூழல். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயது தள்ளித்தான் வந்தது, அதில் உயிர் போனதும் குறைவு. வேலைக்குச் சேரும்போதே டிரைவர்கள் பருமனாக இருந்தார்களோ என்ற சந்தேகம் மாரிஸுக்கே வந்து, பிற்பாடு யூனிஃபார்ம் கால்சட்டைகளின் இடுப்பளவைத் தேடிப் பார்த்தார். ஓரளவு உண்மைதான், டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியான டிரைவர்களுக்கும் கண்டக்டர்களைவிட ஆபத்து கூடுதலாகவே இருந்தது. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

மாரிஸ் படிக்கட்டைப் பார்த்தார். அது சரிதான். எனக்கு மட்டும் ஒரு நினைப்பு உண்டு, இதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரைவர் ரோட்டோடு மல்லுக்கட்டுகிறார், கண்டக்டர் மனிதர்களோடு இருக்கிறார். உங்கள் அப்பாவை நினைத்துப் பாருங்கள். சில்லறைக்குச் சண்டை, "முன்னால போங்கய்யா" என்ற சத்தம், கல்லூரிப் பிள்ளைகளின் கேலி, தினமும் அதே நிறுத்தத்தில் ஏறும் பூக்காரம்மா, கடைசி டிரிப் முடிந்து டிப்போவில் அன்றைய டிக்கெட் கணக்கான வே-பில் முடித்துக் கட்டும்போது டிரைவரோடு ஒரு டீ. அடி நடந்ததும் ஆளோடு பேசியதும் அவருக்கு ஒரே வேலை. நீங்கள் அதில் அடியை மட்டும் பிரித்தெடுத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

ஆள் பழக்கம் உயிரைக் காக்குமா என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அலமேடா என்ற கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 1965-ல் 6,928 பேரிடம் விசாரித்தார்கள்: கல்யாணம் ஆனவரா, உறவும் நட்பும் எத்தனை பேர், சங்கம், தேவாலயம் எதிலாவது உண்டா. ஒன்பது வருடத்தில் யார் யார் இறந்தார்கள் என்று பார்த்து, லிசா பெர்க்மன், லெனார்ட் சைம் என்ற இருவர் 1979-ல் வெளியிட்டார்கள். மனிதத் தொடர்பு மிகக் குறைவாக இருந்த ஆண்களின் மரண விகிதம், தொடர்பு நிறைய இருந்தவர்களைப்போல் 2.3 மடங்கு. பெண்களுக்கு 2.8 மடங்கு. புகை, குடி, பருமன், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றது. நோயாளிகள் ஒதுங்குவதால் இப்படித் தெரிகிறதோ என்று நீங்கள் கேட்கலாம், நல்ல கேள்வி. ஆரம்பத்தில் இருந்த உடல்நிலையையும் அவர்கள் கணக்கில் எடுத்துத்தான் பார்த்தார்கள். அதற்காகத் தனிமைதான் எல்லா நோய்க்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் கெட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் சர்க்கரையை ஏற்றும். மூன்று மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் ரத்தத்தில் இந்த இரண்டும் நடந்துகொண்டிருக்கலாம்.

எங்கள் கிளினிக்குக்கு வாரம் இரண்டு முறை பிரஷர் பார்க்க ஒரு பெரியவர் வருகிறார். பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் கதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். "வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும் தாத்தா" என்று நர்ஸ் ஒருநாள் சொல்லிவிட்டார். நான் நர்ஸைத்தான் திட்டினேன்.

சரி, ஊருக்கு அனுப்பலாமா? ஒரு மாதம் அனுப்பிப் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம். மருத்துவர் பார்த்து, மனச்சோர்வு கடுமையாக இல்லை, தனியே இருக்கலாம் என்று சொன்ன பிறகுதான். போகும்போதே திரும்பி வரும் தேதியைப் பேசி வைத்துவிடுங்கள். அவர் தோற்றுப்போய் வந்ததாகவும் ஆகாது, நீங்கள் துரத்திவிட்டதாகவும் ஆகாது. மாத்திரைக்குக் கவலை வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். போனதும் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கட்டும், அங்கே அவரை அடையாளம் தெரிந்து நிறுத்திப் பேச ஆள் இருக்கும். அடி எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். வடையைப் பற்றி: வாரத்தில் ஒரு நாள் ஒன்று என்று அவரிடமே பேரம் பேசி முடியுங்கள். டீயில் சர்க்கரை கிடையாது, அதில் பேரமும் கிடையாது. வெற்றிலையில் புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் நான் விட மாட்டேன்.

மாதம் முடிந்து சர்க்கரை உடனே இறங்கியிருக்காது. மூன்று மாதச் சராசரி அவ்வளவு சீக்கிரம் அசையாது. தூக்கத்தையும் பேச்சையும் பாருங்கள், அவை முதலில் மாறும்.

அவர் சென்னையிலேயே இருக்க முடிவெடுத்தால், வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வதை நிறுத்துங்கள். பால், காய்கறி எல்லாம் ஆப்பில் வருகிறதா? அவரைக் கடைக்கு அனுப்புங்கள். பேரம் பேசுவார், இரண்டு ரூபாய் அதிகம் கொடுப்பார், ஒரு மணி நேரம் கழித்து வருவார், விடுங்கள். பேரப்பிள்ளை இருந்தால் ஸ்கூல் வேனில் ஏற்றிவிடும் வேலை அவருடையது. உங்கள் குடியிருப்பில் சங்கம் இருந்தால் கணக்கெழுத ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள், எல்லாக் குடியிருப்பிலும் அப்படித்தான். தினமும் ராத்திரி பைசா குறையாமல் வே-பில் கட்டியவரைவிட நல்ல ஆள் அவர்களுக்குக் கிடைக்காது. நாளைக்கே செயலாளரிடம் பேசுங்கள். அப்பாவிடம் முதலில் சொல்லாதீர்கள், 'எனக்கெதுக்கும்மா' என்பார். செயலாளரே வந்து கூப்பிடட்டும்.